எதற்கு அதிகம் செலவிடலாம், எதற்கு வேண்டாம்? உடை வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

தீபாவளி, பொங்கல், பள்ளித் தொடக்கம், உறவினர் திருமணம் என்று ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது நம் குடும்பங்கள் துணிக்கடைக்குப் போகின்றன. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் தெங்கு கிளானா சாலை, பினாங்கு லிட்டல் இந்தியா ஆகிய இடங்களில் பண்டிகைக் காலத்தில் நடக்கவே இடம் இருக்காது. அப்படி வாங்கிய துணிகளால் அலமாரி நிரம்பி இருந்தாலும், நேர்முகத் தேர்வுக்கோ அலுவலகக் கூட்டத்துக்கோ கிளம்பும்போது போட்டுக்கொள்ள ஒரு நல்ல சட்டை இல்லை என்ற பேச்சு பல வீடுகளில் கேட்கிறது.

இதற்குக் காரணம் நாம் குறைவாகச் செலவிடுவது அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை உடுத்தும் உடைக்கு அதிகமாகவும், வாரம் ஐந்து நாள் உடுத்தும் உடைக்கு மிகக் குறைவாகவும் செலவிடுகிறோம். எந்தப் பொருளுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது லாபம், எதற்கு வீண், கடையில் தரத்தைக் கையால் எப்படிச் சோதிப்பது, பழுதான பொருள் கைக்கு வந்தால் என்ன செய்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு நாள் சம்பளம், ஒரு சட்டை

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். அதை 26 வேலை நாள்களாகப் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 65 ரிங்கிட் வரும். அப்படியானால் 65 ரிங்கிட் சட்டை என்பது ஒரு தொழிலாளியின் ஒரு நாள் உழைப்பு. அதனால்தான் விலைச்சீட்டை மட்டும் பார்க்காமல், ஒரு முறை உடுத்த எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். வாங்கிய விலையை, அதை எத்தனை முறை உடுத்தப் போகிறோமோ அந்த எண்ணால் வகுத்தால் போதும்.

எடுத்துக்காட்டாக, 30 ரிங்கிட் சட்டை ஒன்றை வாரம் இரண்டு முறை போடுகிறோம். ஆறு மாதத்தில் கழுத்துப்பட்டை நைந்துவிடுகிறது. மொத்தம் 52 முறை போட்டிருப்போம். ஒரு முறைக்கு 58 சென் ஆகிறது. அதே அளவு உழைக்கும் 85 ரிங்கிட் சட்டை மூன்று ஆண்டு தாங்கினால் 312 முறை போடலாம். ஒரு முறைக்கு 27 சென்தான். மூன்று ஆண்டில் மலிவுச் சட்டைக்கு ஆறு முறை 30 ரிங்கிட், அதாவது 180 ரிங்கிட் செலவாகியிருக்கும்.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. விலை கூடிய சட்டை உண்மையிலேயே மூன்று ஆண்டு தாங்க வேண்டும். விலை அதிகம் என்பதாலோ பிரபல முத்திரை இருப்பதாலோ துணி நன்றாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே துணியையும் தையலையும் சோதிக்கத் தெரிந்திருப்பது முக்கியம்.

முதல் இடம் காலுக்கு

கூடுதலாகச் செலவிட ஒரே ஒரு பொருளைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் சப்பாத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நாள் முழுவதும் உடல் எடையைத் தாங்குவது அது. நம் சமூகத்துக்கு இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே இந்த விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம். நீரிழிவு முற்றும்போது காலில் உணர்வு குறைகிறது. சப்பாத்து கடித்து உண்டான சிறு கொப்புளம் தெரியாமலேயே புண்ணாகி, ஆறாமல், விரலையோ காலையோ இழக்கும் நிலைவரை போகலாம்.

சப்பாத்தை மாலையில் வாங்குங்கள். நடந்து நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. காலையில் சரியாக இருந்த அளவு மாலையில் இறுக்கும். இரண்டு காலிலும் போட்டு எழுந்து நின்று பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். போகப் போக விரிந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னாலும் இறுக்கமானதை வாங்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் புதுச் சப்பாத்தை முதல் சில நாள் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றியதும் கால் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் அணியுமுன் உள்ளே கையை விட்டுக் கல், மணல், மடிந்த துணி இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். கோயிலில் சூடான தரையில் வெறுங்காலுடன் நடப்பதும் இவர்களுக்கு ஆபத்து. உணர்வு குறைந்த காலுக்குச் சூடு தெரியாது. தடித்த காலுறை அணிந்து நடக்கலாம்.

அடிப்பாகத்தையும் கவனியுங்கள். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த சப்பாத்தை இரண்டு, மூன்று ஆண்டு கழித்து எடுத்துப் போட்டவுடன் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்த அனுபவம் பலருக்கும் உண்டு. அது பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளால் ஆனது. காற்றில் உள்ள ஈரம் அதன் பிணைப்புகளைச் சிறிது சிறிதாக உடைக்கிறது. நம் நாட்டு ஈரப்பதத்தில் இது விரைவாகவே நடக்கும், அணியாமல் வைத்திருந்தாலும் நடக்கும். எப்போதாவது அணியும் சப்பாத்துக்கு ரப்பர் அடிப்பாகம் உள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது. மேல்பாகத்தோடு அடிப்பாகம் தைக்கப்பட்டிருந்தால், தேய்ந்த பிறகு சப்பாத்து தைப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

இடைவாருக்கும் கைப்பைக்கும் இது பொருந்தும். தோல் தூளை ஒட்டிச் செய்ததும், துணிமேல் பிளாஸ்டிக் பூசியதும் ஓரிரு ஆண்டில் உரியத் தொடங்கும். வாரின் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். ஒரே துண்டுத் தோல் என்றால் ஓரம் முழுவதும் நார்நாராக ஒரே மாதிரி இருக்கும். அட்டைபோல் அடுக்கடுக்காகத் தெரிந்தால் வேண்டாம்.

செம்பனைத் தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, அச்சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புச் சாதனங்களுக்காகத் தொழிலாளியிடம் முதலாளி பணம் வாங்கக் கூடாது என்கிறது. வேலைக்குத் தேவையான பாதுகாப்புக் காலணி, தலைக்கவசம், கையுறை ஆகியவற்றுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்தால் கேள்வி கேட்கலாம்.

வேலைக்குப் போடும் சட்டையும் சிலுவாரும்

அலுவலகம், கடை, பள்ளி, நேர்முகத் தேர்வு என எல்லாவற்றுக்கும் உதவுவது ஒரு வெள்ளை அல்லது வெளிர்நீலச் சட்டையும் ஒரு கறுப்பு அல்லது கருநீலச் சிலுவாரும்தான். இந்த இரண்டிலும் தரம் பார்ப்பது வீண்போகாது.

நம் வெயிலுக்குப் பருத்தி ஏற்றது. அது வியர்வையை உறிஞ்சும், நனைந்தால் இன்னும் வலுவாகும். பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், சுருங்காது. ஆனால் வியர்வை நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டும் கலந்த துணி, இஸ்திரி போட நேரமில்லாதவர்களுக்கு நடுவழி. வெயிலில் நெடுநேரம் நிற்பவர்கள் பருத்தி பாதிக்கு மேல் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். குர்த்திகளில் அதிகம் வரும் ரேயான் துணி மெத்தென்று இருக்கும். ஆனால் ஈரமாகும்போது வலுவிழக்கும், துவைத்தால் சுருங்கும். ரேயான் குர்த்தி வாங்கினால் கையால் துவைப்பதற்குத் தயாராக இருங்கள், உயரம் சற்றுக் கூடுதலாகவும் எடுங்கள்.

தரத்தை அறியக் கடையிலேயே ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனைகள் இவை:

1. துணியை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நூல் இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். ஆங்காங்கே மெலிந்து தெரிந்தால் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும்.

2. ஒரு மூலையைக் கையில் கசக்கி அரை நிமிடம் வைத்திருந்து விடுங்கள். காகிதம்போல் மடிப்பு அப்படியே நின்றால், நாள் முழுவதும் அப்படித்தான் நிற்கும்.

3. ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் என்று எண்ணுங்கள். சட்டையில் 8 மட்டுமே இருந்தால் அவசரத் தையல். 14க்கு மேல் இருந்தால் நல்ல தையல்.

4. உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வெட்டிய ஓரம் மடித்துத் தைக்கப்பட்டிருக்கிறதா? நூல் தொங்குகிறதா? தையலின் இரு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்தால் இடைவெளி விழுகிறதா?

5. அக்குள், சிலுவாரின் பின்பக்கம், பை ஓரம் ஆகிய இழுபடும் இடங்களில் இரட்டைத் தையல் இருக்க வேண்டும். குர்த்தியின் பக்கவாட்டுத் திறப்பு தொடங்கும் இடத்தில் கூடுதல் தையல் போட்டிருக்க வேண்டும்.

6. சிலுவாரின் இடுப்புப் பின்தையலில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் துணி மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். எடை கூடினால் பிரித்துத் தைக்கலாம். மிச்சம் இல்லாத சிலுவாரைத் தூக்கி எறியத்தான் வேண்டும்.

7. ஜிப்பைப் பத்து முறை ஏற்றி இறக்குங்கள். ஒய்கேகே போன்ற பெயர் பொறித்த ஜிப்பாக இருந்தாலும் சோதித்த பிறகே நம்புங்கள்.

8. அடர்ந்த நிறத் துணி என்றால் சற்று ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் உள்மடிப்பில் தேய்த்துப் பார்க்கலாமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கைக்குட்டையில் ஒட்டும் சாயம் மற்றத் துணிகளிலும் ஒட்டும்.

அரசாங்க ஊழியர்கள் வியாழக்கிழமைகளில் பாத்தேக் அணிவது வழக்கம். மெழுகு வைத்துக் கையால் வரைந்த பாத்தேக்கிலும், அச்சுக்கட்டை வைத்து மெழுகிட்ட பாத்தேக்கிலும் சாயம் துணியின் இருபுறமும் ஏறியிருக்கும். இயந்திரத்தில் அச்சிட்டதன் பின்புறம் வெளிறியிருக்கும். அச்சிட்டதை உடுத்தலாம், தவறில்லை. ஆனால் கையால் வரைந்ததற்குரிய விலையை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

உள்ளாடையைக் கடைசியில் வைக்காதீர்கள்

மற்றவர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் உள்ளாடைக்கு மிகக் குறைவாகச் செலவிடுகிறோம். உடலோடு ஒட்டி, நாள்தோறும், வியர்வையில் இருப்பது அதுதான். இறுக்கமான செயற்கை இழை உள்ளாடை நம் தட்பவெப்பத்தில் படைக்கும் அரிப்புக்கும் வழிவிடும். பருத்தி அதிகமுள்ளதை வாங்குங்கள்.

பெண்கள் மார்புக்கச்சை வாங்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான நிலையில், சரியாகப் பொருந்துவதை எடுக்க வேண்டும். நாளடைவில் இழுபட்ட பிறகு அடுத்த கொக்கிகளுக்கு மாறலாம். முதுகுப் பட்டை மேலே ஏறினால் சுற்றளவு பெரிது. தோள்பட்டை அழுந்தித் தடம் விழுந்தால், எடையைத் தாங்க வேண்டிய பட்டை தாங்கவில்லை என்று பொருள்.

வேட்டியும் பட்டும்

நல்ல வேட்டி ஒன்று பத்து ஆண்டுக்கு மேலும் உழைக்கும். நான்கு முழ வேட்டி ஒற்றை மடிப்பு என்பதால் மெல்லியதாகத் தெரியும். எட்டு முழம் இரட்டையாக விழும். திருமணம், மேடை நிகழ்ச்சி என்றால் எட்டு முழம் நல்லது. கஞ்சி மொடமொடப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஓரத்தை விரலால் கசக்கினால் கஞ்சி உதிர்ந்து துணியின் உண்மையான அடர்த்தி தெரியும்.

பட்டுப் புடவையை ஒரு முறைக்கான செலவுக் கணக்கில் மட்டும் அளக்க முடியாது. அம்மாவின் கல்யாணப் புடவையை மகள் உடுத்தும் குடும்பங்கள் நம்மில் நிறைய உண்டு. ஆனால் அதற்குப் புடவை உண்மையான பட்டாக இருக்க வேண்டும். காஞ்சிபுரப் பட்டுக்கு 2005ஆம் ஆண்டு இந்தியாவில் புவிசார் குறியீடு கிடைத்தது. கோர்வை முறையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து இணைப்பது அதன் சிறப்பு. இந்தியப் பட்டுப் புடவையில் சில்க் மார்க் அட்டை இருந்தால் இழை தூய பட்டு என்று அறியலாம். அது பட்டுக்கான சான்று மட்டுமே. சரிகை அசலா, காஞ்சிபுரத்தில் நெய்ததா என்பதை அது சொல்லாது. அசல் சரிகை, பட்டு நூலின்மேல் வெள்ளிக்கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. போலிச் சரிகையில் செம்போ பிளாஸ்டிக் இழையோ இருக்கும். விலையில் பெரும் வேறுபாட்டைத் தருவது இதுதான். எனவே எந்தச் சரிகை என்பதை ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

வீட்டில் சோதிக்க விரும்பினால், புடவை ஓரத்திலிருந்து இரண்டு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டின்மேல் எரித்துப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும். பருத்தி காகிதம் எரிவதுபோல் வாடை தரும்.

இங்கே கையை இறுக்கலாம்

பள்ளிச் சீருடைக்கு விலை உயர்ந்ததைத் தேட வேண்டாம். பிள்ளை வளர்ந்துவிடும், துணி தேய்வதற்குள் அளவு போய்விடும். மடித்துத் தைக்க அடியில் துணி மிச்சம் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் போதும். அரசாங்கம் அண்மைய ஆண்டுகளில் மாணவருக்குத் தரும் 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவியில் பெரும்பகுதியை, நாள்தோறும் ஓடியாடும் கறுப்புச் சப்பாத்துக்கு ஒதுக்குவது நல்லது. அதிலும் கட்டைவிரல் அகலத்துக்கு மேல் பெரிதாக வாங்கினால் பிள்ளை தடுக்கி விழும்.

ஆரி வேலைப்பாட்டு ரவிக்கைக்குச் சிலர் புடவையைவிட அதிகமாகக் கொடுக்கிறார்கள். உடல் அளவு மாறினால் முதலில் பயன்படாமல் போவது ரவிக்கைதான். அப்படியே தைத்தாலும் இரு பக்கமும் ஓர் அங்குலமாவது உள்ளே விடச் சொல்லுங்கள். பல புடவைகளுக்குப் பொருந்தும் ஒரு பொன்னிற ரவிக்கை இருந்தால் செலவு குறையும். குழந்தைகளின் பண்டிகை உடை, அந்த ஆண்டு மட்டும் பேசப்படும் திரைப்பட பாணி உடை, குடும்பமே ஒரே நிறத்தில் அணியும் உடை ஆகியவற்றை பாசார் மாலாமிலேயே வாங்கலாம். தவணையில் கிடைக்கிறது என்பதற்காக எதையும் வாங்குவது சரியல்ல. நான்கு தவணை என்றாலும் கொடுக்கும் பணம் நம்முடையதே.

பராமரிப்பில்தான் ஆயுள்

சுய சேவை டோபி கடைகளில் உள்ள உலர்த்தும் இயந்திரம் மழைக்காலத்தில் வசதி. ஆனால் அதன் கடுமையான சூடு உள்ளாடையின் மீள்பட்டையையும், நீட்சி இழை கலந்த சிலுவாரையும் சீக்கிரம் கெடுக்கும். அவற்றை வீட்டில் நிழலில் காயப்போடுங்கள். அடர்ந்த நிறத் துணிகளை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி உலர்த்தினால் வெயிலில் நிறம் வெளிறாது. வெள்ளைச் சட்டை என்றாலும் குளோரின் கலந்த வெளுப்பானை அடிக்கடி ஊற்றினால் இழை நைந்துவிடும். பட்டில் ஒரு துளியும் படக் கூடாது.

பட்டுப் புடவையை பிளாஸ்டிக் உறையில் வைத்தால் ஈரம் உள்ளே தங்கிப் பூசணம் பிடிக்கும். துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் காற்றாட விரித்து, வேறு மடிப்பில் மடியுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் சரிகை அங்கே முறியும். பூச்சி உருண்டை சரிகைமேல் நேராகப் படக் கூடாது. சப்பாத்தைத் தொடர்ந்து இரண்டு நாள் அணியாமல் ஒரு நாள் காயவிட்டால் தோலும் காலும் நலமாக இருக்கும்.

பழுதான பொருளுக்குப் பணம் திரும்பக் கேட்கலாம்

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அறிவிப்பைப் பார்த்துப் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. கடையில் எழுதி ஒட்டிய ஓர் அறிவிப்பால் இந்த உரிமை போய்விடாது. பட்டு என்று விற்றது பாலியெஸ்டராக இருந்தால், புதுச் சப்பாத்தின் அடிப்பாகம் ஒரு வாரத்தில் கழன்றால், நீங்கள் கேட்கலாம். 2007ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இணையத்தில் வாங்கியவற்றுக்கும் இச்சட்டம் பொருந்தும். ஆனால் நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்காகக் கடைக்காரர் மாற்றித்தர வேண்டிய கட்டாயம் இல்லை.

கடைக்காரர் மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ரசீது, விலைச்சீட்டு, பொருளின் படம், கடைக்காரருடன் பேசிய குறுஞ்செய்தி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். ரசீதின் மை சில மாதத்தில் மறையும் என்பதால் வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைக்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற வேண்டியதில்லை. முதலில் அலமாரியைத் திறந்து, கடந்த ஓராண்டில் உடுத்தாதவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றுக்குக் கொடுத்த விலையைக் கூட்டிப் பார்த்தால், அடுத்த முறை எதைத் தவிர்க்க வேண்டும் என்பது விளங்கும். பிறகு, மூன்று மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் சப்பாத்து, சிலுவார், இரண்டு சட்டை, உள்ளாடை என்று வரிசையாக வாங்கலாம். பெண்கள் சட்டைக்குப் பதில் நல்ல பருத்தி குர்த்தியோ, வேலைக்கு உடுத்தும் பருத்திப் புடவையோ சேர்த்துக்கொள்ளலாம். ஓராண்டு முடியும்போது, திடீரென்று நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தாலும் கடன் வாங்கிக் கடைக்கு ஓட வேண்டிய தேவை இருக்காது.